பித்தளை உருளையில் 0.3 மி.மீ. இடைவெளியும், ஒரு பக்கம் பருத்த பல்லும்

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கும் நண்பருக்கு. உங்கள் நீண்ட கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களிடம் கணினி சொல்படி செதுக்கும் 6040 ரக ஹாபி சிஎன்சி ரவுட்டர் இருக்கிறது. ஜாபை, அதாவது வெட்டும் பொருளைப் பிடிக்கும் மூன்று ஜா சக், மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் சக் ஒரு சுற்று சுற்றும் ஆறுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு, மறுமுனையைத் தாங்கும் சின்ன டெயில்ஸ்டாக் சேர்ந்த, ஜாபைச் சுழற்றும் ஒரு ரோட்டரி செட் வாங்கியிருக்கிறீர்கள். கன்ட்ரோலர் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று ஆக்சிஸை மட்டும் ஓட்டும் ஜிஆர்பிஎல் போர்டு என்பதால், ஒய் மோட்டாரின் ஒயரைக் கழற்றி ரோட்டரிக்குக் கொடுத்து ஓட்டுகிறீர்கள். ஆம்பூரில் தோல் பெல்ட் தைக்கும் உங்கள் மச்சானுக்காக, தோலில் அழுத்திப் பதிக்க, 40 மி.மீ. பித்தளை உருளையில் சுற்றிலும் கொடிவேலை செதுக்கினீர்கள். கொடி தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் 0.3 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டது. அதே ரோட்டரியில் 24 பல், மாடியூல் 1 (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) பித்தளை கியர் ஒன்று வெட்டினீர்கள். அதில் ஒரு பக்கப் பற்கள் பருத்தும் எதிர்ப்பக்கப் பற்கள் மெலிந்தும் இருக்கின்றன, போதாததற்கு எல்லாப் பற்களும் லேசாக ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஹார்மோனிக் டிரைவ் (தொய்வில்லாத ஒரு வகைக் கியர் குறைப்பு) போட்டால் 0.01 மி.மீ. துல்லியம் வருமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

கேள்வி ஹார்மோனிக் டிரைவைப் பற்றி இருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இந்த மூன்று பிழையும் எங்கே பிறக்கின்றன, பணம் போட்டால் அவை போகுமா என்பதைத்தான். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் 24 வருஷம் இருந்தவன். அதில் பாதிக் காலம், ஜாபைச் சம பாகங்களாகத் திருப்பி நிறுத்தும் டிவைடிங் ஹெட்டோடுதான் போனது. இப்போது வாலாஜாவில் ஒரு ஷெட், அதில் ஒரு பழைய லேத், உங்களுடையதைப் போல ஒரு ஹாபி ரவுட்டர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுடைய மூன்று நோய்க்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். மூன்றில் எதுவும் உங்கள் ஆறுக்கு ஒன்று குறைப்பில் தொடங்கவில்லை. ஆகவே ஹார்மோனிக் டிரைவ் வாங்கினாலும் இதே உருளையும் இதே கியரும்தான் வரும்.

மோட்டாரிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்து ஆறால் குறைத்தால் சக் ஒரு சுற்று சுற்ற 19,200 துடிப்பு. கணக்குப்படி ஒரு துடிப்புக்கு 0.019 டிகிரி. ஆனால் மைக்ரோஸ்டெப் என்பது மோட்டாரை மென்மையாக ஓட்டுவதற்கான ஏற்பாடு, அளவுகோலாக அதை நம்பக் கூடாது. ஒரு சாதாரண மோட்டார் தன் முழு ஸ்டெப்பில் ஐந்து சதவீதம் முன்னே பின்னே நிற்கலாம் என்றுதான் தயாரிப்பாளர்களே போடுகிறார்கள். அதாவது மோட்டார் தண்டில் 0.09 டிகிரி, ஆறால் வகுத்தால் சக்கில் 0.015 டிகிரி. உங்கள் உருளையின் ஆரம் 20 மி.மீ. அந்த ஆரத்தில் 0.015 டிகிரி என்பது 0.005 மி.மீ. தான். இந்தப் பிழை ஸ்டெப்புக்கு ஸ்டெப் சேர்ந்து வளர்வதும் இல்லை. நீங்கள் கேட்கும் 0.01 மி.மீ., 20 மி.மீ. ஆரத்தில் 0.029 டிகிரிக்குச் சமம். ஆகச் சின்ன விட்டமுள்ள வேலைக்கு மோட்டார் பாஸ். 200 மி.மீ. விட்டத் தட்டு ஒன்றைச் சுற்றினால் இதே 0.015 டிகிரி விளிம்பில் 0.026 மி.மீ. ஆகிவிடும். அந்த வேலை வரும்போது குறைப்பைப் பற்றிப் பேசலாம்.

இனி உருளை. இடைவெளிக்கான துப்பை நீங்களே கேள்வியில் கொடுத்துவிட்டீர்கள். "40 மி.மீ. ராடு வாங்கி, மேல்தோலை லேசாக எடுத்ததில் 39.9 ஆனது, டிசைனை அந்த அளவுக்கே வரைந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 39.9 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 125.35 மி.மீ. ஆனால் கன்ட்ரோலரில் ஒய்க்கான ஸ்டெப் மதிப்பை, அதாவது ஒரு மி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்பதை, 152.789 என்று வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். 19,200-ஐ 40 மி.மீ. உருளையின் சுற்றளவான 125.664-ஆல் வகுத்தால் வரும் எண் அது. ஆக டிசைன் 39.9-க்கு, மெஷின் 40-க்கு. மெஷின் 125.35 மி.மீ. ஓடி நிற்கும்போது சக் 359.1 டிகிரிதான் சுற்றியிருக்கும். மிச்சமுள்ள 0.9 டிகிரி, உருளையின் மேல் 0.31 மி.மீ. நீங்கள் அளந்தது 0.3. இதை ஏறக்குறைய நிச்சயமாகவே சொல்வேன்.

சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே விட்டத்தைப் போடுங்கள். உருளை உண்மையில் 39.9 ஆகவே இருந்தாலும், இரண்டிலும் 40 என்று போட்டால் கொடி கச்சிதமாக மூடிக்கொள்ளும், பூ கால் சதவீதம் சுருங்கும், அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. சுற்றி வரும் வேலையில் மி.மீ. கணக்கை விட டிகிரி கணக்கே நம்பகமானது, முடிவு எப்போதும் 360-ல் வந்து நிற்க வேண்டும். பை மதிப்பை 3.14 என்று கையால் போடுபவர்களுக்கு இதே வேலையில் 0.064 மி.மீ. தானாகவே விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சக் அவுட்டாக, அதாவது மையம் விலகி, ஓடினாலும், பெல்ட் புல்லி கோணலாக இருந்தாலும், மோட்டார் ஸ்டெப் ஒழுங்கில்லாமல் இருந்தாலும், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் அந்தப் பிழைகள் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். வட்டம் தானே மூடிக்கொள்ளும். அதனால் தொடக்கமும் முடிவும் சேரவில்லை என்றால் இந்த மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மிஞ்சுவது கணக்குப் பிழை, சக்கில் ஜாப் நழுவியது, அல்லது மோட்டார் ஸ்டெப் இழந்தது. கணக்கைச் சரிசெய்த பிறகும் இடைவெளி இருந்தால் இப்படிச் செய்யுங்கள். உருளையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கூரான பிட்டை அதன் மேல் நிறுத்துங்கள். வெட்டாமல் பத்துச் சுற்று ஓட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். கோடு அதே இடத்தில் நின்றால் கன்ட்ரோலர் சரி. அடுத்து ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பாருங்கள். வெட்டிய பிறகு மட்டும் கோடு நகர்ந்தால் பிடிப்பு போதவில்லை, அல்லது மோட்டார் திணறுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், இந்த உருளைக்கு 0.01 மி.மீ. தேவையே இல்லை. தோல் இழுபடும், ஈரத்தில் ஊறும், அழுத்தியதும் சற்றே மீளும். 0.05 மி.மீ. பிழையைத் தோல் விழுங்கிவிடும். ஆனால் 0.3-ஐ விழுங்காது. ஒரு மீட்டர் பெல்ட்டில் உங்கள் உருளை ஏறக்குறைய எட்டு முறை சுற்றும், அந்த இடைவெளி எட்டு இடத்தில் ஒரே மாதிரி விழும். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் குறையைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். ஆம்பூர்க்காரர்கள் தோலைத் தடவிப் பார்த்தே குறை சொல்பவர்கள், உங்கள் மச்சான் கோபப்பட்டதில் ஆச்சரியமில்லை.

கியர் விஷயம் வேறு. அது பிழையை மன்னிக்காது, பூசி மறைக்கவும் வழியில்லை. ஆனால் பல் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம், கைரேகை பார்ப்பது போல. சாய்வை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லாப் பற்களும் ஒரே அளவுக்கு, ஒரே பக்கமாகச் சாய்ந்தால், கட்டரின் நடுக்கோடு சுழலும் அச்சின் நேர்மேலே இல்லை என்று அர்த்தம். ஒய் சைபர், அதாவது ஒய் திசையில் நடு என்று நீங்கள் வைத்த புள்ளி, தவறு. வேறு காரணத்தைத் தேடவே வேண்டாம். உங்கள் விஷயத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு வழியும் இருக்கிறது. ஒய் மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிட்டதால், அந்த ஆக்சிஸை இப்போது யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கரண்ட் இல்லாத ஸ்டெப்பரின் பிடி மிகச் சொற்பம், ஒய்யை நகர்த்தும் பால் ஸ்க்ரூ அதிர்விலேயே மெல்ல நகர்ந்துவிடும். காலையில் சரியாக வைத்த சைபர் பத்தாவது பல்லில் வேறு இடத்தில் இருக்கலாம். ஒய் நகரும் பகுதியை இரண்டு பக்கமும் க்ளாம்ப் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு டயலை (சின்ன நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து, இறுக்கும்போது நகர்ந்ததா என்றும் பாருங்கள், நகரும். இன்னொன்று, மோட்டார் ஒயரை மாற்றும்போது பவரை முழுக்க அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஓடும் டிரைவரிலிருந்து ஒயரை உருவினால் டிரைவர் போய்விடும். நான் ஒன்றைப் புகைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நான்கு ஆக்சிஸ் போர்டு வாங்கத்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையைத் தொடரப் போகிறீர்கள் என்றால், ஹார்மோனிக் டிரைவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அதற்குப் போடலாம். ஜிஆர்பிஎல்-ஹால், ஃப்ளூயிட்-என்சி, லினக்ஸ்-சிஎன்சி மூன்றுமே தனி ஏ ஆக்சிஸை ஓட்டும். ஒய் தன் இடத்தில் கரண்டோடு பிடித்து நிற்கும், கியருக்கு அது ஒன்றே பெரிய லாபம். அப்படி மாறும்போது ஃபீடு கணக்கு மாறும். ஏ ஆக்சிஸ் டிகிரியில் ஓடும், மற்றவை மி.மீ.யில் ஓடும். இரண்டும் கலந்து நகரும்போது ஜி93, அதாவது இன்வர்ஸ் டைம் ஃபீடு, போட்டால்தான் வெட்டும் வேகம் சீராக இருக்கும்.

இப்போது ஒய் சைபரை எப்படிப் பிடிப்பது. ஜாபின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து நடுவை எடுப்பது எல்லோரும் செய்வது. ஆனால் அதில் கிடைப்பது ஜாபின் நடு. நமக்கு வேண்டியது சுழலும் அச்சின் நடு. சக் அவுட்டாக இருந்தால் இரண்டும் வேறு வேறு. டூல் ரூமில் நாங்கள் செய்ததை உங்கள் மெஷினுக்கு ஏற்றபடி சொல்கிறேன். மீந்த அலுமினிய ராடு ஒன்றைக் கட்டுங்கள், விட்டம் 28 மி.மீ. போல இருக்கட்டும். நீங்கள் நடு என்று நினைக்கும் இடத்திலிருந்து பிளஸ் பக்கம், கட்டரின் ஓரம் 12 மி.மீ.யில் நிற்கும்படி வைத்து, ராடின் பக்கவாட்டில் ஒரு தட்டை முகம் வெட்டுங்கள். ஒய்யைத் தொடாமல் 180 டிகிரி சுற்றி இன்னொரு முகம் வெட்டுங்கள். அந்த இரண்டு முகத்துக்கும் இடையிலான அகலம் முதல் அளவு. பிறகு சக்கை 90 டிகிரி திருப்பி, இந்த முறை மைனஸ் பக்கம் அதே 12 மி.மீ.யில் கட்டரை வைத்து, அதே போல எதிரெதிரே இரண்டு முகம். அது இரண்டாம் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் சைபர் சரி. ஒன்று 24.22, மற்றது 23.98 என்று வந்தால் வித்தியாசம் 0.24. அதை நான்கால் வகுங்கள், 0.06. உங்கள் சைபர் அவ்வளவு தள்ளி இருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டியது அகலமாக வந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கமாகச் சைபரை நகர்த்துங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பிழை நான்கு மடங்காகப் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிறது, 0.02 மி.மீ. காட்டும் சாதாரண வெர்னியரே போதும். கட்டரின் விட்டம் சரியாகத் தெரியாவிட்டாலும் கவலையில்லை, அது இரண்டு அளவிலும் ஒரே மாதிரி ஏறிக் கழிந்துவிடும். கட்டர் வளைவதும் கழிந்துவிடும், ஆனால் அதற்கு நான்கு முகத்தையும் கட்டர் சுழலும் திசைக்கு ஒரே உறவில் ஊட்ட வேண்டும், பாதியை ஒரு திசையிலும் பாதியை எதிர்த்திசையிலும் வெட்டினால் கணக்கு கெடும். உயரத்துக்கான இசட் சைபருக்கும் இதே முறைதான், இன்னும் எளிது. மேலே ஒரு முகம், 180 சுற்றி இன்னொரு முகம், தடிமனை அளந்து பாதியாக்கினால் கட்டர் முனை அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிவது. படிப்படியாகப் பருத்து, உச்சம் தொட்டு, படிப்படியாக மெலிந்தால் அது மையப் பிசகு. பிளாங்க்கின், அதாவது பல் வெட்டாத வட்டத் துண்டின், மையமும் சுழலும் மையமும் ஒன்றில்லை. இந்த விலையில் வரும் மூன்று ஜா சக்குகளில் டயல் வைத்தால் முள் 0.05 முதல் 0.1 வரை ஆடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையது 0.08 ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மையம் 0.04 தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் கட்டர் 0.04 ஆழமாகவும் எதிர்ப்பக்கம் 0.04 மேலாகவும் வெட்டும். பக்கச் சரிவு 20 டிகிரி உள்ள பல்லுக்கு, ஆழத்தில் 0.04 மாறினால் பல்லின் தடிமனில் 0.03 மாறும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைவதால் மொத்தத்தில் கிட்டத்தட்ட 0.06 மி.மீ. வித்தியாசம். மாடியூல் 1 பல்லில் அது கையில் தெரியும், கியரைச் சுற்றும்போது ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும்.

மையப் பிசகு என்பது உறுதி. அது எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. சக்காக இருக்கலாம், பிளாங்க்கைக் கோத்த மேன்ட்ரலில் (சக்கில் கட்டும் தண்டு) துளை லூசாக இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு வழி: டயலில் முள் அதிகம் ஏறும் இடத்தைச் சக்கிலும் மேன்ட்ரலிலும் பேனாவால் குறியுங்கள். சக்கைத் தளர்த்தி மேன்ட்ரலை மட்டும் அரைச் சுற்று திருப்பிக் கட்டுங்கள். உயரமான இடம் சக்கின் குறியோடு நின்றுவிட்டால் சக்தான் குற்றவாளி. மேன்ட்ரலோடு போனால் மேன்ட்ரல். இரண்டுக்கும் நடுவே எங்கேயோ வந்தால் இரண்டிலும் பங்கு இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு சந்தேகமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. சக் பக்கத்துப் பெரிய புல்லியின் துளை நடுவில் இல்லாவிட்டால், சக் ஒரு சுற்றில் ஒரு பாதியில் கொஞ்சம் முந்தியும் மறு பாதியில் பிந்தியும் ஓடும். 30 மி.மீ. ஆரமுள்ள புல்லியில் 0.05 மி.மீ. பிசகு இருந்தால் ஏறக்குறைய 0.1 டிகிரி வரை போகும். மோட்டாரின் பிழையை விட ஆறு மடங்கு பெரியது. இது பல்லின் தடிமனை விடப் பற்களின் இடைத்தூரத்தைத்தான் கெடுக்கும். புல்லியின் பல்மேல் டயலை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆடினால் புல்லியை மாற்றுவது ஹார்மோனிக் டிரைவை விட ரொம்ப மலிவு. ஹார்மோனிக் டிரைவிலும் பிளே, அதாவது தொய்வு, இல்லையே தவிரக் கோணப் பிழை உண்டு, நல்ல சாதாரண ரகத்திலேயே ஒரு ஆர்க் நிமிட (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்கு இருக்கும்.

சக் குற்றவாளி என்றால், நான் வாங்கச் சொல்வது ஜாபைச் சுற்றிலும் சமமாக இறுக்கிப் பிடிக்கும் இஆர் 32 காலெட் ஹோல்டர் ஒன்று, 0.01 மி.மீ. டயல் ஒன்று, காந்த ஸ்டாண்டு ஒன்று. இதில் டயலும் ஸ்டாண்டும் முதலில். காலெட் இல்லாமலும் சமாளிக்கலாம்: ஜாவுக்கும் ஜாபுக்கும் நடுவே சிகரெட் டப்பாவின் ஈயத்தாளைத் தாழ்ந்த பக்கம் வைத்து, டயல் பார்த்துப் பார்த்து 0.02-க்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுமை வேண்டும். இன்னும் நல்ல வழி, மேன்ட்ரலையே அந்தச் சக்கில் கட்டி, ரோட்டரியைச் சுழலவிட்டு ரவுட்டர் கட்டராலேயே அதன் மேல்பாகத்தை வட்டமாக எடுத்துவிடுவது. அந்த மேன்ட்ரல் சக்கைவிட்டு வெளியே வராதவரை அது சுழலும் அச்சோடு ஒன்றி இருக்கும், சக் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி.

வெளியே வராதவரை என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், 30 பல் கியர் ஒன்றில் 22 பல் வெட்டி முடித்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் இன்ஸ்பெக்‌ஷன்காரர் அளந்து பார்க்கக் கேட்டார் என்று ஜாபைக் கழற்றிக் கொடுத்து, திரும்பி வந்ததும் குறி வைத்த இடத்திலேயே கட்டினேன். குறி சரியாகத்தான் இருந்தது. மீதி எட்டுப் பல் கியரிலிருந்து வேறு ஊரில் இருந்தது. கழற்றியது நான், பழி போட வேறு ஆள் இல்லை. அளக்க வேண்டுமானால் மைக்ரோமீட்டரை ஜாபிடம் கொண்டுபோங்கள்.

24 பல் என்பதில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. உங்கள் சக்கின் ஒரு சுற்றுக்கு 1,200 முழு ஸ்டெப். 24-ஆல் வகுத்தால் சரியாக 50. ஒவ்வொரு பல்லும் முழு ஸ்டெப்பில் நிற்கிறது, மைக்ரோஸ்டெப்பை நம்ப வேண்டியதில்லை. 12, 15, 16, 20, 25, 30, 40, 48 எல்லாம் இதே போல. 18-ம் 32-ம் மீதி விழும். 23 கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு பல்லும் மைக்ரோஸ்டெப்பின் பின்னத்தில் நிற்கும். வடிவமைப்பு உங்கள் கையில் இருந்தால் எண்ணிக்கையை மெஷினுக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுங்கள். பெல்ட்டின் தொய்வுக்காக எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நில்லுங்கள். பின்னால் போக வேண்டுமானால் ஐந்து டிகிரி தாண்டிப் போய், திரும்பி முன்னால் வாருங்கள். முதல் பல்லுக்கும் கடைசிப் பல்லுக்கும் நடுவே மட்டும் கோளாறு என்றால் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

இனி 0.01. உங்கள் ரவுட்டரின் சட்டம் அதைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள, பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். ஸ்பிண்டிலில் தடித்த பிட் ஒன்றைக் கட்டி, அதன் முனையில் டயலை வைத்து, தராசால் ஐந்து கிலோ இழுங்கள். என் ரவுட்டரில் முள் 0.12 நகர்ந்தது. ரோட்டரி சக்கில் கட்டிய ராடின் நுனியையும் அதே போல இழுத்துப் பாருங்கள், அதிர்ச்சியாக இருக்கும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு 0.01 என்ற பேச்சு தானாக அடங்கிவிடும். கடைசி வெட்டை 0.05 ஆழத்துக்குக் குறைத்து, அதே ஆழத்தில் இன்னொரு முறை வெறுமனே ஓட்டினால் வளைவின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகு என் ரவுட்டரில் சின்ன வேலைகளில் 0.03 முதல் 0.05-க்குள் நம்பி நிற்க முடிகிறது. எப்போதாவது 0.02 வரும், ஆனால் அதை வாடிக்கையாளரிடம் வாக்காகக் கொடுக்க மாட்டேன்.

நம் ஊர் வெயிலும் இதில் பங்கு கேட்கும். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் என்பதுதான் உலக வழக்கம். கத்திரி வெயிலில் உங்கள் மொட்டை மாடி அறை 36-க்குக் குறையாது. பித்தளை ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 19 மைக்ரான் நீளும், எஃகு பதினொன்றரை. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும், 40 மி.மீ. பித்தளையை எஃகு மைக்ரோமீட்டரால் 36 டிகிரியில் அளந்தால் கிட்டத்தட்ட 0.005 மி.மீ. கூடுதலாகக் காட்டும். நீங்கள் கேட்கும் 0.01-ல் பாதி அங்கேயே போயிற்று. வெட்டி முடித்த சூட்டோடு அளந்தால் இன்னும் மோசம். உருளை வேலை மூன்று மணி நேரம் ஓடுகிறது என்கிறீர்கள். ஸ்பிண்டில் சூடாகி நீள நீள ஆழம் கூடிக்கொண்டே போகும், தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்தில் அது ஒரு படியாகத் தெரியும். வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஸ்பிண்டிலை வெறுமனே ஓடவிடுங்கள், வேலையை விடியற்காலையில் வையுங்கள்.

நீண்ட உருளைக்கு டெயில்ஸ்டாக்கை நேர்ப்படுத்துவதையும் விட்டுவிடக் கூடாது. பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய கிரவுண்ட் ராடை (நேராகச் சாணை பிடித்த கம்பி) கட்டி, ஸ்பிண்டிலில் டயலை வைத்து எக்ஸ் திசையில் ஓட்டுங்கள், மேலே ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. ராடே கோணலாகக் கட்டப்பட்டிருக்கலாம் என்பதால் அரைச் சுற்று திருப்பி மறுபடி ஓட்டி, இரண்டின் சராசரியை எடுங்கள். உயரம் போதாவிட்டால் அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு, பக்கவாட்டில் தள்ளியிருந்தால் போல்டைத் தளர்த்தித் தட்டி நகர்த்துவது. அரை நாள் வேலை, ஒரு முறை செய்து, இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின்னை அடித்துவிட்டால் அடுத்த முறை பத்து நிமிஷம்.

கடைசியில் ஒரு வரியாகக் கேட்டிருந்தீர்கள், கியரை மட்டும் வெளியே கொடுத்துவிடலாமா என்று. ஒன்றோ இரண்டோ என்றால் நீங்களே வெட்டலாம், கற்றுக்கொள்ளவாவது. கைத்தறிக்கோ வேறு மெஷினுக்கோ ஓடி உழைக்க வேண்டிய கியர் என்றால் கியர் வெட்டுவதற்கென்றே உள்ள ஹாபிங் மெஷின் இருக்கும் இடத்தில் கொடுங்கள். ஹாப் என்னும் அதன் கட்டரில் பல்லின் வளைவு கட்டரும் பிளாங்க்கும் சேர்ந்து சுழலும் இயக்கத்திலேயே உருவாகிவிடும். நீங்கள் கூம்புப் பிட்டைத் தீட்டி ஒவ்வொரு இடைவெளியாக எடுப்பதில் அந்த வளைவு கையின் தயவில்தான் இருக்கிறது. பிளாங்க்கை நீங்களே கடைந்து கொடுப்பதாக இருந்தால், துளையையும் வெளிவட்டத்தையும் ஒரு பக்க முகத்தையும் ஒரே பிடியில், சக்கிலிருந்து எடுக்காமல் முடித்து, அந்த முகத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். எந்த முகத்தை அண்டைக்கொடுத்துக் கட்ட வேண்டும் என்று அங்கே இருப்பவருக்கு அதைப் பார்த்தாலே தெரியும்.